கொழும்பு ரேஸ் கோர்ஸில் வேலை செய்த மட்டக்களப்பார் குடும்பம் யாரும் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. கல்லடி வீட்டுப் பெட்டகத்தில் அம்மப்பாவின் படமொன்று கிடைத்தது. இளந்தாரி வயது, மடித்துக் கட்டிய சாரம், கையில் குதிரையின் கடிவாளம். குதிரையின் முன்கால் இரண்டிலும் வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருக்கிறது. பின்னால் பந்தயம் பார்க்கும் பெரிய மண்டபம். அவர் கொழும்பில் குதிரை பராமரித்தவர் என்று அம்மம்மா சொல்லுவா, அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டா.

தேடி வாசித்ததில், ரேஸ் முதலில் காலிமுகத் திடலில்தான் ஓடியிருக்கிறது. 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் அதையே விமானத்தளமாக்கி விட்டார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, யப்பான்காரர் குண்டு போட வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தும் கிளம்பின. குதிரை ஓடிய இடத்தில் சண்டை விமானம்! 1956இல் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் இன்றும் ஏப்ரல் சீசனுக்கு ஓடுகிறது, கொழும்பில் இப்போது றக்பி மைதானமும் கடைகளும்.

எனக்கு வேண்டியது வேலையாட்களின் கதை. லாயங்கள் எங்கே இருந்தன? சம்பளம் வாரமா மாதமா? ரேஸ் நின்றபின் அவர்கள் என்ன செய்தார்கள்? துரைமாரின் தொப்பியும் கோப்பையும்தான் எல்லா இடத்திலும் கிடக்கிறது.

பழைய ரேஸ் புத்தகம், படம், 1950களின் வீரகேசரி, தினகரன் துண்டுகள் வைத்திருப்பவர்கள் போனில் படமெடுத்து அனுப்பினாலே போதும். கொழும்பில் இருப்பவர்கள், சுவடிகள் திணைக்களத்தில் பழைய பேப்பர் பார்க்க என்ன நடைமுறை என்றும் சொல்லுங்கள். நம்பர்களைப் பொதுவில் போடாமல் இன்பொக்ஸில் எழுதுங்கள்.