சிசிஎன்ஏ படிக்க ஆன்லைன்ல கம்மி காசுல ஆள் இருக்காங்ளா?

கோபிக்காரி: அண்ணா, அக்கா, வணக்கமுங்க. பிஎஸ்சி முடிச்சுட்டு வீட்ல இருக்கறேன். சிசிஎன்ஏக்கு, அதானுங்க சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க் பரீட்சைக்கு, ஆன்லைன்ல படிக்கோணும், சனி ஞாயிறு டவுட் கேக்க ஒரு ஆள் கெடைச்சாப் போதும், மாசம் ஆயிரத்துக்குள்ள. பரீட்சைக்கே 300 டாலர் ஆகுதுங்க.

பீளமேட்டுப் பையன்: ஆள் எதுக்குங்க? யூடியூப்ல முழுக் கோர்ஸும் சும்மாவே கெடக்குது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில கணக்குத் தொறந்தா, கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்லயே நெட்வொர்க் கட்டிப் பழகற பாக்கெட் ட்ரேசர் இலவசம். மென்டருக்குக் காசு குடுக்கறவன் ஏமாளி. நா அப்படித்தான் பாஸ் பண்ணுனேன்.

சோமனூர் தறி: ஏமாளியா? ஏனுங் தம்பி, கம்ப்யூட்டருகள நெட்வொர்க்ல இணைக்கற நெசமான ஸ்விட்ச்ச கண்ணுல பாத்திருக்கீங்ளா? எங்க பனியன் கம்பெனிக்கு இப்படித்தான் ஒரு சர்டிபிகேட் பையன் வந்தான், சிஸ்கோ 2960 ஸ்விட்ச்ல பாஸ்வேர்டு மறந்து போச்சு, அத மாத்த ஸ்விட்ச்ல இருக்கற மோட் பட்டன அமுக்கிப் புடிச்சுட்டே கரண்ட் போடோணும்னு தெரியல, ஸ்விட்ச்ச செட்டப் பண்ற நீலக் கலர் கன்சோல் கேபிள நெட் வயருன்னு நெனச்சு லேப்டாப்போட நெட் ஓட்டைல சொருகீட்டு ஒக்காந்திருக்கறான், அந்தப் பக்கம் சீரியல் ஓட்டைல சொருகற டிபி-9 முனை தரைல தொங்குது. இதெல்லாம் பாக்கெட் ட்ரேசர் சொல்லித் தருமா?

பீளமேட்டுப் பையன்: பரீட்சைல ஸ்விட்ச்ச தூக்கியா கைல குடுக்கறாங்க? 120 நிமிசமும் ஸ்க்ரீன்தான்.

சோமனூர் தறி: நா கேட்டது மோட் பட்டன்.

பொள்ளாச்சி இளநீர்: அந்தப் புள்ள கேட்டது டவுட் சொல்ல ஆளுங்ணா. ஸ்விட்ச் வாங்க முடியாதவங்களுக்கு கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் ஓட்டிப் பாக்க ஜிஎன்எஸ்3 இருக்குது, ஈவ்-என்ஜி இலவசப் பதிப்பும் இருக்குது, என்ன, அதுல ஓட்டறதுக்கு சிஸ்கோ இமேஜ், அதாவது சிஸ்கோ சாப்ட்வேர் பைல், நாமதான் தேடிக்கோணும்.

சோமனூர் தறி: பொள்ளாச்சி, நீங்க பேசவே கூடாது. போன தடவ ஸ்லாஷ் 31ல, ரெண்டே ஐபி முகவரி இருக்கற குட்டி நெட்வொர்க்ல, ஒரு ஹோஸ்ட்டும், அதாவது ஒரு மெஷினும், வராதுன்னு ராத்திரி பூரா சண்ட போட்டீங்க. ரெண்டே மெஷின நேரா இணைக்கற பாயின்ட் டு பாயின்ட் லிங்க்ல ரெண்டு ஐபியும் ஆகும்னு 2000லயே ஆர்எஃப்சி 3021ன்னு இன்டர்நெட் விதி ஆவணம் வந்தாச்சு, எடுத்துக் காட்டுனதுக்கப்புறம் ஒரு வார்த்த சொன்னீங்ளா, கமுக்கமா நழுவீட்டீங்க.

பொள்ளாச்சி இளநீர்: நா சொன்னது பல கம்ப்யூட்டர் சேந்திருக்கற சாதாரண லேன் நெட்வொர்க்குக்கு. இன்னிக்கும் அதையேதான் சொல்லுவேன்.

ஈரோட்டு மஞ்சள்: உங்க சண்டைய அக்கட்டால வெச்சுக்கோங்க. கண்ணு, யார்கிட்டச் சேந்தாலும் இப்பத்த சிசிஎன்ஏ பரீட்சையான 200-301 சிலபஸ்தானான்னு மொதல்ல கேளு. 2020 பிப்ரவரிலயே, சிசிஎன்ஏக்கு முன்ன எழுதிட்டிருந்த பழைய ஐசிஎன்டி பரீட்சையெல்லாம் எடுத்தாச்சு, அதுக்கப்புறம் போன எனக்கு ஒரு சென்டர்ல 18,000 வாங்கீட்டு பழைய ஐசிஎன்டி நோட்ஸ ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாங்க. பாஸ் பண்ணுனாலும் மூணு வருசந்தான் செல்லும், அதையும் கணக்குல வெச்சுக்கோ.

சோமனூர் தறி: அந்த சென்டர்ல ஸ்விட்ச் இருந்துச்சுங்ளா?

ஈரோட்டு மஞ்சள்: கெரகம்.

கோபிக்காரி: அண்ணா, அந்த சனி ஞாயிறு ஆள்...

சோமனூர் தறி: சொல்றேன் இரு. மொதல்ல கன்சோல் கேபிள் ஒன்னு, யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்னு வாங்கு. ஸ்விட்ச்சோட பேசற புட்டி (PuTTY) சாப்ட்வேர்ல ஸ்பீடு 9600 வெக்கோணும், மாத்தி வெச்சா ஸ்க்ரீன்ல கோணமாணலா என்னமோ எழுத்து வரும்.

பீளமேட்டுப் பையன்: எனக்கு அப்பப் புடிச்சு உங்க பதிவெல்லாம் அப்படித்தானுங்க தெரியுது.

சோமனூர் தறி: லொள்ளு இருக்கட்டும். மோட் பட்டன் எந்தப் பக்கம் இருக்குது, சொல்லு பாக்கலாம்.