மறு: சிபியு கவர்னருக்குத் தமிழில் ‘வேகத்தேர்வி’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

லினக்ஸ் இயங்குதளத்தில், சிபியு (கணினியின் செயலி) எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். அதற்குத் தமிழில் ‘ஆளுநர்’ வேண்டவே வேண்டாம். பாடநூல் வழக்கில் சிபியு என்றால் மையச் செயலகம். இரண்டையும் சேர்த்து “மையச் செயலகத்தின் ஆளுநரை மாற்று” என்று திரையில் வந்தால், அதை லினக்ஸ் கட்டளை என்று யார் நினைப்பார்கள்? மாலைச் செய்தி மாதிரி இருக்கிறது.

‘கட்டுப்படுத்தி’யும் ஒத்துவராது. அது கன்ட்ரோலருக்குப் போய் உட்கார்ந்து வெகுநாளாயிற்று. பள்ளிப் பேருந்தில் மாட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கவர்னர்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேகத்துக்கு மேல்வரம்பு போடும், அவ்வளவுதான். லினக்ஸ் கவர்னரின் வேலை வேறு.

சிபியு வேகத்தைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் சிபியுபவர் என்ற லினக்ஸ் கருவியில் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ என்று கொடுத்துப் பாருங்கள். வன்பொருளின் எல்லை, இருக்கிற கவர்னர்கள் எல்லாம் வரிசையாக வரும். அப்புறம் நடப்புப் பாலிசி என்று ஒரு பகுதி. அதிர்வெண் 800 மெகாஹெர்ட்சுக்கும் 3.40 கிகாஹெர்ட்சுக்கும் இடையில் இருக்க வேண்டும், அந்த எல்லைக்குள் எந்த வேகம் என்பதை இன்ன கவர்னர் முடிவு செய்யலாம் என்று அதில் இருக்கும். எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். வரையறையைக் கருவியே கையில் கொடுத்துவிடுகிறது: எல்லை தனி, அதற்குள் வேகத்தைத் தேர்வது கவர்னர். அதனால்தான் ‘வேகத்தேர்வி’ என்கிறேன். ஃப்ரீக்வென்சிக்கு அதிர்வெண்ணா, இலங்கை நண்பர்கள் எழுதும் மீடிறனா என்ற பஞ்சாயத்தும் இதில் கிடையாது.

பெர்ஃபார்மன்ஸ் என்ற கவர்னர் எப்போதும் உச்சத்திலேயே நிற்கிறதே, அது எதைத் தேர்கிறது என்ற கேள்வி நியாயமானது. எல்லையின் உச்சத்தைத் தேர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் தேர்வு தேர்வுதான். 2016இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.7 பதிப்போடு வந்த ஸ்கெட்யூட்டில் என்ற கவர்னர், வேலைகளைச் சிபியுவுக்குப் பங்கிடும் ஸ்கெட்யூலர் வைத்திருக்கும் சுமைக் கணக்கைப் பார்த்துத் தேர்கிறது.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். பவர்சேவ், ஆன்டிமாண்ட் போன்ற கவர்னர் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. வேகத்தேர்வியை மாற்றும்போது பயனர் அதே ஆங்கில எழுத்துகளைத் தட்டியாக வேண்டும். ‘சிக்கனம்’ என்று தட்டினால் பிழைச்செய்திதான் வரும். மேலும் பவர்சேவ் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பொதுவான இயக்கிகளில் (டிரைவர்களில்) அது வேகத்தை எல்லையின் அடிமட்டத்திலேயே பிடித்துவைக்கும். இன்டெல் பி-ஸ்டேட் இயக்கி ஆக்டிவ் நிலையில் இருந்தால், அதே பெயரில் சுமைக்கு ஏற்ப வேகம் ஏறி இறங்கும். இது தெரியாமல், மடிக்கணினி ஆமையாகிவிடும் என்று பயந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிட்டு, விசிறி இரைச்சலோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். மொழிபெயர்த்த பெயர் அந்தக் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்யும்.

பாலிசிக்குக் ‘கொள்கை’ என்று போடுவது எனக்கு உறுத்துகிறது. கர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பாலிசி0 என்ற அடைவு, வேகத்தைச் சேர்ந்து மாற்றிக்கொள்ளும் கோர்களின் (சிபியுவின் உள்ளகங்களின்) தொகுதியைக் குறிக்கிறது. ‘வேகத்தொகுதி’ என்று வைக்கலாமா, அல்லது அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?