ஸ்கூல்ல இருந்து நேர டியூஷன் போற பிள்ளைக்கு என்ன குடுத்து விடலாம்?

வெள்ளவத்தை அம்மா:
மகள் இந்த வருஷம் ஓ.எல். ஸ்கூல் 1.30க்கு விட்டா அப்படியே பம்பலப்பிட்டில கிளாஸ், வீட்ட வர 6 மணி தாண்டும். இடையில ஒரு ரோல்ஸ், ஒரு பக்கெட் சொக்லட் பால், அவ்வளவுதான். 3 மணிக்கு மேல நித்திரை வருது, தலையிடிக்குது எண்டுறாள். தண்ணிப் போத்தல் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருது. இந்த வெக்கைக்குப் பழுதாகாத சாப்பாடு ஏதும் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை ராணி:
அவிச்ச கடலை தான் அக்கா. ஆனா தேங்காய் போட்றாதீங்க, கொழும்பு வெயிலுக்கு பின்னேரத்துக்குள்ள புளிச்சிடும். வெங்காயம் செத்தல் மிளகாய் கறிவேப்பிலை போட்டு நல்லா தண்ணி வத்த தாளிச்சு, ஆறினதுக்கு பிறகு தான் பெட்டிய மூடணும். தேசிக்காய் புளிய மறக்காதீங்க, கடலைல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேர அதுவும் உதவும். அவசரத்துக்கு கச்சானும் ரெண்டு கதலிப்பழமும் போதும்.

சயன்ஸ் டீச்சர்:
போத்தல் ஏன் திரும்பி வருது எண்டு முதல்ல பிள்ளையக் கேளுங்கோ. ஸ்கூல் டொய்லட்டுக்குப் போக விருப்பமில்லாம கன பொம்பிளப் பிள்ளைகள் தண்ணியே குடிக்கிறேல்ல. உடம்பு எடையில 1-2 வீதம் தண்ணி குறைஞ்சாலே கவனம் சிதறும், தலையும் இடிக்கும், பாடம் விளங்கேல்ல எண்டு நாங்க பேசிக்கொண்டிருப்பம். சோடா, பக்கெட் ஜூஸ் வாங்கினா அதில இருக்கிற கலர் வட்டத்தப் பாருங்கோ, சிவப்பு எண்டா 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி. சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, இரும்புச்சத்து சேர விடாது. இவ்வளவும் செய்தும் தலையிடி விடாட்டி கண்ணையும் இரத்தத்தையும் ஒருக்கா செக் பண்ணுங்கோ.

ஓ.எல் பட்ச்:
அன்ரி, கடலை குடுக்கிறதெண்டா பெரிய பெட்டில குடுங்க, கிளாஸ்ல திறந்தா அவக்கு ஒரு பிடி கூட மிஞ்சாது 😂

வெள்ளவத்தை அம்மா:
டீச்சர், கேட்டன், அதே கதைதான். கிளாஸ் நடக்கிற இடத்தில டொய்லட் நல்லமாம், அப்ப ஸ்கூல் விட்ட உடன ஒரு போத்தல் குடிக்கச் சொல்லியிருக்கிறன், காலமையும் வீட்டில குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடோணும். ராணி, கடலைய இரவே தாளிச்சு பிரிட்ஜ்ல வச்சிட்டு காலமை சூடாக்கினா சரி வருமா?

கொட்டாஞ்சேனை ராணி:
வரும். தேசிக்காய மட்டும் காலைல விடுங்க, இல்லாட்டி கசக்கும்.