மழை மிகுந்த வெப்ப நிலத்தில் மூங்கில் வீடு நிலைக்குமா?

புதுமனை:

ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும் சில மாதங்கள் கடும் மழையும் உள்ள நிலத்தில், தூண், விட்டம், கைமரம், சுவர் ஆகிய அனைத்தையும் மூங்கிலாலேயே அமைத்து ஒரு தள வீடு கட்ட எண்ணியிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாவது அதில் குடியிருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஐந்தே ஆண்டுகளில் உளுத்து உதிர்ந்துவிடும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். எஃகுக்கு நிகரான பொருள், தயங்காமல் கட்டுங்கள் என்று வேறு சிலர் ஊக்குவிக்கிறார்கள். எதை ஏற்பது என்று விளங்கவில்லை. இத்துறையை அறிந்தவர்கள் காரணங்களோடு விளக்க வேண்டுகிறேன்.

அடித்தளம்:

நீண்ட காலம் குடியிருக்க வேண்டிய வீட்டின் முதன்மைக் கட்டமைப்பாக மூங்கிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதப்படுத்தாத மூங்கில் மண்ணைத் தொட்டு நின்றால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் அழிந்துவிடும் என்பதும், கூரைக்கடியில் மண் படாமல் இருந்தால்கூட நான்கு முதல் ஏழு ஆண்டுகள்தான் தாங்கும் என்பதும் இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. தேக்கின் வைரப்பகுதியில் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் இயற்கையாகவே உண்டு. மூங்கிலில் அத்தகைய காப்பு இல்லை. அதில் நிறைந்திருக்கும் மாவுச்சத்து துளைவண்டுகளுக்கு நேரடி உணவாகிறது.

எஃகுக்கு நிகர் என்ற பேச்சையும் சற்று ஆராய வேண்டும். நார் ஓடும் திசையில் சிறு துண்டை இழுத்துச் சோதித்தால் 100 மெகாபாஸ்கலுக்கும் மேல் தாங்குவது உண்மைதான். ஆனால் வீடு என்பது சிறு துண்டு அன்று. கழிகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில்தான் அதன் வலிமை தீர்மானமாகிறது. நாரின் போக்கில் பிளக்கும் விசைக்கு மூங்கில் மிக எளிதில் இடம்கொடுக்கும். துளையிட்டு ஆணியைத் திருகினால் கழியின் இழுவலிமையில் சிறு பங்கைக்கூடப் பயன்படுத்துவதற்கு முன்பே இணைப்பு பிளந்துவிடும். இவற்றோடு தீயும் புயலும் இருக்கின்றன. காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்த நிலத்தில் இந்தப் பொருளைத் தேர்வது, பராமரிப்பையே வாழ்க்கையாகத் தேர்வதற்குச் சமம்.

கைமரம்:

அன்பர் அடித்தளம் தந்த ஆயுட்கணக்கு, அவரே குறிப்பிட்டபடி, பதப்படுத்தாத மூங்கிலுக்கு உரியது. பதப்படுத்தாத மூங்கிலால் வீடு கட்டலாம் என்று இங்கே எவரும் வாதிடவில்லை. ஆகவே அந்த எண்களை வைத்து முடிவுக்கு வருவது முறையாகாது.

காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொன்னதையும் நான் மறுக்கிறேன். மரத்தையோ மூங்கிலையோ மட்கச் செய்யும் பூஞ்சை வளர, அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஈரமான வெப்ப நாட்டிலும், நிழலில் காற்றோட்டத்தோடு இருக்கும் கழி பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கிறது. மழை மாதங்களில் மேற்பரப்பில் சாம்பல் நிறப் பூசணம் படியலாம். அதைத் துடைத்துவிடலாம், அதனால் வலிமை குறைவதில்லை. மூங்கிலை அழிப்பது காற்றின் ஈரமன்று, அதன்மீது நேரே விழுந்து, உலர வழியில்லாமல் தேங்கும் நீர். எனவே தரையிலிருந்து அரை மீட்டராவது உயர்ந்த கற்பீடத்தின்மீது தூண்களை நிறுத்த வேண்டும். இறவாணம், அதாவது கூரையின் வெளிவிளிம்பு, சுவருக்கு வெளியே ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீள வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவர் எந்த மருந்தைத் தோய்த்தாலும் பயனில்லை.

அடுத்தது பதப்படுத்துதல். மூன்று வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள முற்றிய கழிகளை மட்டுமே வெட்ட வேண்டும். மூங்கிலின் வெளித்தோல் மெழுகும் சிலிக்காவும் படிந்தது. மரத்தில் உள்ளதுபோல் குறுக்காகச் செல்லும் கதிர்த்திசுவும் மூங்கிலில் இல்லை. ஆகவே வெளியே எதைப் பூசினாலும் உள்ளே இறங்காது. பூச்சு எண்ணெயை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நீளவாக்கில் ஓடும் குழாய்களின் வழியாகத்தான் மருந்து செல்ல முடியும். வெட்டிய ஈரம் காயும் முன், கணுக்களின் உட்தட்டுகளை நீண்ட கம்பியால் துளைத்து, போரான் சேர்மங்களான போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் முழுவதும் மூழ்கும்படி ஊறவைப்பது எளிய முறை. கழியின் ஒரு முனையில் குழாயைப் பொருத்தி, அழுத்தத்தால் சாற்றை வெளியேற்றி மருந்தை ஏற்றுவது இன்னொரு முறை; அதற்குக் கழியை வெட்டிய நாளிலேயே வேலையைத் தொடங்க வேண்டும், ஏனெனில் குழாய்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஓடும் நீரில் மாதக்கணக்கில் போட்டுவைக்கும் பழைய வழக்கம் மாவுச்சத்தைக் கரைத்து வண்டின் தாக்குதலைக் குறைக்கும். கறையானையும் பூஞ்சையையும் தடுக்காது.

அடித்தளம்:

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் எனக்குள்ள மிகப் பெரிய ஐயம் இதிலிருந்துதான் பிறக்கிறது. கழிக்குள் மருந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதை வீடு கட்டுபவர் எப்படி அறிவார்? வயது முற்றாத கழி, முற்றிய கழியோடு கலந்து வந்தால் அதைப் பிரித்தறியும் கண் எத்தனை பேருக்கு உண்டு? கம்பியையும் சிமென்டையும் தர முத்திரை பார்த்து வாங்கலாம். மூங்கிலைத் தரம் பிரிப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 19624 வெளிவந்ததே 2018இல்தான். அதைப் பின்பற்றிக் கழி விற்பவர் அரிது.

தாங்கள் சொன்ன போரான் உப்பு நீரில் கரைவது. கழிக்குள் எளிதாகப் பரவ அந்தக் குணமே உதவுகிறது. மழை பட்டால் அதே குணத்தால் அது வெளியேறியும் விடுகிறது. சாரல் அடிக்கும் பக்கத்துத் தூணில் சில ஆண்டுகளில் காப்பு எஞ்சியிருக்காது.

புயற்காற்றைப் பற்றி இன்னும் எவரும் விரிவாகப் பேசவில்லை. எடை குறைவு என்பது நிலநடுக்கத்தின்போது நன்மை, புயலின்போது தீமை. நீண்ட இறவாணம் மழையைத் தடுக்கும். ஆனால் அதன் அடியில் புகும் காற்று கூரையையே மேலே தூக்கப் பார்க்கும். கூரையிலிருந்து அடித்தளம் வரை அறுபடாத இழுபிணைப்பு வேண்டும். ஒவ்வொரு தூணின் அடியிலும் அந்த இழுப்பைத் தாங்கும் இணைப்பு வேண்டும். மூங்கில் வலுவிழந்து நிற்கும் இடமும் அதுவே.

சாளரம்:

வீட்டின் உள்ளே வாழ்பவரின் உடல்நலத்தைக் கருதி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகுந்த வறண்ட நிலத்தில் தடித்த சுவர் நன்மை தரும். ஈரமான வெப்ப நிலத்தில் அந்த வேறுபாடு சிறியது. கனமான காங்கிரீட் தளமும் செங்கல் சுவரும் பகலில் ஏற்ற வெப்பத்தை நடு இரவு வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய மூங்கில் சுவரோ கதிரவன் மறைந்ததும் குளிர்ந்துவிடுகிறது. எதிரெதிரே திறப்புகளும், கூரை உச்சியில் வெப்பக்காற்று வெளியேற வழியும் வைத்தால், உறங்கும் நேரத்தில் இந்த வீடு தரும் சுகத்தைக் காங்கிரீட் வீடு தராது. கூரைக்குத் தகடு போடுவதாக இருந்தால் அதனடியில் காற்று செல்லும் இடைவெளியும் ஓர் உட்கூரையும் கட்டாயம் வேண்டும். இல்லையேல் பகலில் வெப்பமும் மழைநாளில் இரைச்சலும் தாங்க முடியாதவை ஆகிவிடும்.

கைமரம்:

தரத்தைக் கண்டறிய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. முற்றிய கழியின் மேல் வெண்பொடி உதிர்ந்திருக்கும், கணுவுறை எஞ்சியிராது, மரப்பாசியின் புள்ளிகள் படிந்திருக்கும், தட்டினால் ஓசை இறுகியிருக்கும். மூங்கில் புதரில் நிற்கும்போதே கழிகளின்மீது முளைத்த ஆண்டைக் குறித்துவைப்பது எவராலும் செய்யக்கூடியது. மருந்து இறங்கியதா என்பதையும் சோதிக்கலாம்: ஊறிய கழியொன்றின் நடுவே குறுக்கே வெட்டி, அமிலம் கலந்த மஞ்சள்தூள் கரைசலைத் தடவினால் போரான் உள்ள பகுதி சிவந்து காட்டும். தொட்டியில் இடும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கழியை இவ்வாறு பலியிடத் தயங்கக் கூடாது.

இணைப்பைப் பொறுத்தவரை அன்பர் சொன்ன குறைக்குத் தீர்வு பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. கொலம்பியக் கட்டடக் கலைஞர் சிமோன் வேலெஸ், ஆணி ஊடுருவும் கணுவிடைக்குள் சிமென்ட் கலவையை நிரப்பி இறுகச் செய்யும் முறையைப் பெருங்கட்டடங்களில் பயன்படுத்தினார். ஜெர்மனியின் ஹனோவரில் 2000இல் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவர் மூங்கில் அரங்கம் அமைத்தபோது, அதே அளவிலான முன்மாதிரி ஒன்றைக் கொலம்பியாவின் மனிசாலேஸில் முதலில் கட்டிச் சோதித்துக் காட்டிய பிறகே அங்கே அனுமதி கிடைத்தது.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூங்கில் சட்டத்தின் இருபுறமும் மூங்கில் வரிச்சையும் கம்பிவலையையும் அடித்து, அதன்மேல் சிமென்ட் கலவை பூசும் முறை இலத்தீன் அமெரிக்காவில் நன்கு வளர்ந்தது. கோஸ்டா ரிக்காவின் லிமோன் பகுதியை 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியபோது, அதன் மையத்துக்கு அருகில் இம்முறையில் கட்டப்பட்டிருந்த வீடுகள் குலையாமல் நின்றன. கொலம்பியா தன் கட்டட விதிகளிலேயே இதற்கு இடமளித்திருக்கிறது.

அடித்தளம்:

அப்படியானால் நாம் இப்போது பேசுவது வேறொரு வீட்டைப் பற்றி. புதுமனை கேட்டது தூணும் சுவரும் கண்ணுக்குத் தெரியும் மூங்கில் வீடு. தாங்கள் காட்டுவது பூச்சுக்குள் மறைந்து, மழையும் வெயிலும் படாத மூங்கில் சட்டம். இந்த இரண்டாவது வீட்டின்மீது எனக்குள்ள எதிர்ப்பு பெருமளவு குறைகிறது. தீயின்போதும் அந்தப் பூச்சே காப்பாற்றுகிறது. திறந்து நிற்கும் கழி, சுவர் மெலிந்த குழாய் என்பதால், தடித்த மர விட்டத்தைப்போல் மேலே கரிந்து உள்ளே தாங்கி நிற்பதற்கு அதில் சதைப்பற்று இல்லை.

ஆனாலும் 1999 ஜனவரியில் கொலம்பியாவின் ஆர்மேனியா நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்கு பேணப்பட்ட மூங்கில் சட்ட வீடுகள் தாங்கின. பூச்சுக்குள் உளுத்தும் மட்கியும் போயிருந்த பழைய வீடுகள் விழுந்தன. பூச்சு காப்பதோடு நோயை மறைக்கவும் செய்கிறது என்பதால், பதப்படுத்துதலில் சிறு குறை இருந்தாலும் அது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். மூங்கில் கட்டமைப்புகளை வடிவமைப்பதற்கான ஐஎஸ்ஓ 22156 தரநிலையின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு தன் எல்லையை இரண்டு தளம், ஏழு மீட்டர் உயரம் என்று வரையறுத்துக்கொண்டதில் உள்ள எச்சரிக்கையை எல்லோரும் மதிக்க வேண்டும்.

புதுமனை:

மூவருக்கும் நன்றி. சுவர்களைப் பூசிவிடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. குளியலறையை என்ன செய்வது? முன்பக்கத் தாழ்வாரத்தில் மட்டும் மூங்கில் தூண்கள் வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையை விடவும் மனமில்லை.

கைமரம்:

குளியலறையை மூங்கிலில் கட்ட வேண்டாம். வீட்டை ஒட்டித் தனியாகச் செங்கல்லில் எழுப்பி, இரண்டுக்கும் நடுவே கூரையை மட்டும் இணையுங்கள். தாழ்வாரத் தூண்களைத் தாராளமாக வையுங்கள். இறவாணத்தைச் சாரல் வரும் திசையில் இன்னும் நீட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிப்பூச்சைப் புதுப்பித்தால் போதும்.

அடித்தளம்:

குளியலறை பற்றி உடன்படுகிறேன். தாழ்வாரம் பற்றி உடன்பட இயலாது. புயல் வீசும் நிலமாக இருந்தால் அந்த நீட்டிய இறவாணத்தையே காற்று முதலில் பிடிக்கும். ஆசையை விட முடியாது என்றால், தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையிலிருந்து பிரித்துத் தனிச் சட்டமாக அமையுங்கள். அது பறந்தாலும் வீட்டுக் கூரை நிற்க வேண்டும். ஒவ்வொரு தூணும் பீடத்திலுள்ள எஃகுத் தாங்கியில் மரையாணியால் பொருந்தி, மேலே முட்டுக்கொடுத்து ஒரு நாளில் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். மாற்றுவதற்கென்று பதப்படுத்திய கழிகள் சிலவற்றைக் கூரைக்கடியில் எப்போதும் வைத்திருங்கள். இவ்வளவுக்கும் வரைபடத்தில் இடமிருந்தால் அனுப்புங்கள். இணைப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.