சோர்ந்து கிடந்த நாட்களில் கொயர் இசை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பாட்டு கேட்கவே பிடிக்காமல் போன ஒரு காலம் எனக்கு வந்தது. துக்கம் என்று பெயர் வைக்கும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வேலைப்பளு, வீட்டில் ஒரு நோயாளி, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்து ஆளையே உறிஞ்சிவிட்டன. சோகப் பாட்டு போட்டால் நம் கதையை நமக்கே சொல்லி அழவைக்கும். உற்சாகப் பாட்டு வேறு வகை இம்சை. எழுந்திரு, ஆடு என்று பிடித்து இழுக்கும். ஒன்றும் போடாமல் இருந்தாலோ தலைக்குள் ஓயாத இரைச்சல். அப்போது கைகொடுத்தது தேவாலயங்களுக்காக எழுதப்பட்ட கொயர், அதாவது பலர் சேர்ந்து பாடும் சேர்ந்திசை, அதிலும் வாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும் பாடுவது. நான் கிறிஸ்தவர் இல்லை, லத்தீனும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கேட்டது இத்தாலிய இசையமைப்பாளர் அலெக்ரியின் ‘மிசெரேரே’. பைபிளின் 51ஆம் சங்கீதம்தான் அதன் பாடல் வரி. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் புனித வாரத்தில் பாடுவதற்காக 17ஆம் நூற்றாண்டில் எழுதியது. 14 வயது மொசார்ட் 1770இல் அதைக் கேட்டுவிட்டு நினைவிலிருந்தே எழுதிவைத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கதையைவிட அதன் அமைப்பு பிடித்தது. ஒரு பக்கம் ஐந்து குரல் கொண்ட குழு, தள்ளி இன்னொரு பக்கம் நான்கு குரல் குழு, நடுநடுவே ஒரே சுரத்தில் நீட்டி ஓதும் ஆண் குரல்கள். இவர்கள் நிறுத்த அவர்கள் எடுக்க, அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும். இரண்டு சுற்று கேட்டதும் அடுத்து என்ன வரும் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. எதையும் புதிதாக வாங்கிக்கொள்ளத் தெம்பில்லாத மூளைக்கு அது பெரிய உபகாரம். (எல்லோரும் சிலாகிக்கும் அந்த உச்ச சுரம் அலெக்ரி எழுதியதே இல்லையாம். பிற்காலத்தில் ஏடுகளில் நேர்ந்த குழப்பத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியது நல்லதாகப் போயிற்று.)

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது உச்ச சுரம் இல்லை, அடி சுரம். ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் ‘இரவு முழுவதற்குமான வழிபாடு’ 1915இல் மாஸ்கோவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் வாத்தியங்களுக்கு இடம் கிடையாது, அதனால் முழுக்க மனிதக் குரல்தான். மொத்தம் பதினைந்து பகுதிகள். ஐந்தாவதில், குழந்தை இயேசுவைக் கண்ணால் பார்த்துவிட்ட கிழவர் சிமியோன், இனி என்னைப் போகவிடு என்று கடவுளிடம் கேட்கிறார். ஒரு டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாட, பின்னால் மற்றவர்கள் தாலாட்டுவதுபோல் இரண்டு பக்கமும் அசைந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் பாஸ் எனப்படும் ஆண்களின் அடிக்குரல்கள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, சாதாரணத் தொண்டைக்கு எட்டாத ஓர் இடத்தில் போய் நிற்கின்றன. இவ்வளவு கீழே பாட ஆட்களை எங்கே பிடிப்பது என்று கொயரை நடத்தியவரே அலுத்துக்கொண்டாராம். ஹெட்போனில் கேட்டால் அந்த இறக்கம் காதில் விழுவதைவிட நெஞ்சில் அதிர்வதுதான் அதிகம். உற்சாகப்படுத்தும் இசை எல்லாம் நம்மை மேலே வரச் சொல்கிறது. இது நாம் கிடக்கும் இடத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதில் ஏன் ஆறுதல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தன் இறுதிச் சடங்கில் இந்தப் பகுதியைப் பாட வேண்டும் என்று ரஹ்மானினோவே ஆசைப்பட்டிருக்கிறார்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

நான் கேட்கிறவள் இல்லை, பாடுகிறவள். கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். நீங்கள் கேட்கும் கொயர் இசையில் ஒலி அறுபடாமல் எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

நீளமான ஒரு சுரத்தை யாராலும் ஒரே மூச்சில் பிடித்திருக்க முடியாது. அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்காதே. வரி முடியும் இடத்திலும் எடுக்காதே, எல்லோருக்கும் அங்கேதான் எடுக்கத் தோன்றும். சொல்லுக்கு நடுவில் சத்தமில்லாமல் விலகி, நிதானமாக மூச்சை இழுத்து, கேட்டும் கேட்காததுமாக மறுபடி உள்ளே நுழைய வேண்டும். கேட்பவர்களுக்கு ஒலி அறுவதே இல்லை. உள்ளே எப்போதும் யாரோ ஒருவர் பாடாமல் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

மனசு ரொம்பக் கீழே இருந்த ஒரு பருவத்தில் ஒத்திகைக்குப் போனேன். ஒரு முழுப் பக்கம் வாயைத் திறக்க முடியவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை, தெம்பில்லை, அவ்வளவுதான். யாரும் கவனிக்கவில்லை, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் இல்லாமலும் நடக்கிறதே என்று முதலில் சுருக்கென்றது. அப்புறம் அதுவே பெரிய நிம்மதியாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் எனக்குத் தோன்றிய இடத்தில் சேர்ந்துகொண்டேன். இடதுபுறம் நின்ற அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தாளில் விரல் வைத்துக் காட்டினார்.

சேர்ந்து பாடுபவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குகிறது என்று 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டின் வரிகள் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன, துடிப்பு மூச்சின் பின்னால் போகிறது என்பது விளக்கம். பாடுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தெரியாது.

ஆங்கிலேய இசையமைப்பாளர் தாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியும்’ கேட்டிருக்கிறீர்களா? 16ஆம் நூற்றாண்டுப் பாட்டு. நாற்பது பேருக்கு நாற்பது தனி வரி, ஐந்தைந்து பேராக எட்டுக் குழு. ஒரு குரலில் ஆரம்பித்துக் கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். முடிவுக்கு முன்னால் நாற்பது பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். அடுத்து எல்லோரும் ஒன்றாக, எங்கள் தாழ்மையைப் பாரும் என்று நுழைவார்கள். கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001இல் இதற்கு ஓர் ஒலிக்கூடம் அமைத்தார்: நாற்பது ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர் குரல். ஒரு ஸ்பீக்கரிடம் காதைக் கொடுத்தால் ஒருவர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். நடுவில் வந்து நின்றால் முழுக் கூட்டம்.

*

ஒரு எச்சரிக்கை. கொயர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது போட்டுவிடாதீர்கள். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியத்தில் (ரெக்வியம் என்றால் இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) தீர்ப்பு நாள் பகுதி வரும்போது பெரிய முரசு மண்டையில் இறங்கும். நன்றாக இருக்கும் நாளில் அது அற்புதம், சோர்ந்த நாளில் தாங்காது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே தன் ரெக்வியத்தில் அந்தப் பயமுறுத்தும் பகுதியை அப்படியே விட்டுவிட்டார். 1888இல் பாரிஸில் மதலேன் தேவாலயத்தில் அரங்கேறியது. மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஆரம்பியுங்கள். அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் டாக்டரையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்காது.

*

அம்மா போன பிறகு எனக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ்தான். அவருடைய ‘ஜெர்மன் ரெக்வியம்’ வழக்கமான லத்தீன் வழிபாட்டு வரிகளை எடுத்துக்கொள்ளவே இல்லை. லூத்தரின் ஜெர்மன் பைபிளிலிருந்து அவரே பொறுக்கி எடுத்த வசனங்கள். செத்தவருக்காகக் கெஞ்சாமல், துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று இருப்பவர்களைப் பார்த்துத் தொடங்குகிறது. அவருடைய அம்மா 1865இல் இறந்தார். ஐந்தாம் பகுதியைக் கடைசியாகத்தான் சேர்த்தார். தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்ற வசனம் அதில் இருக்கிறது. மேலே ஒரு பெண் குரல், கீழே கொயர். அதற்குமேல் எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. ஃபோரே கேட்டாயிற்று, கடைசிப் பகுதியை இரண்டு தடவை. பிராம்ஸில் முதல் பகுதியிலேயே நிற்கிறேன். அதில் வயலினே கிடையாது, தந்தி வாத்தியங்களில் வயோலா, செல்லோ போன்ற தாழ்ந்த குரல்கள்தான், கொயர் வரும்வரை ஏதோ தரையோடு நகர்வதுபோல் இருக்கிறது. ஐந்தாவதுக்கு இன்னும் போகவில்லை. என் அம்மா அடுத்த அறையில் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அதைக் கேட்க இப்போதைக்கு மனம் வரவில்லை.