புதுப்பிப்பு: பிக்கப் வண்டியின் இழுவை திரும்பிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: லோடோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள் என்று. மாற்றவில்லை. டர்போ நன்றாகவே இருக்கிறது.

அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில்தான் கோளாறு. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஓரமாக நகத்தளவு கீறல். சும்மா பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையில் புழுதி அப்பியிருந்தது. கொஞ்சமாகக் காற்றழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவியதும் கீறல் வாய் திறந்து நுரை பொங்கியது. டர்போ தள்ளும் காற்று வழியிலேயே கசிந்தால் டீசல் முழுதாக எரியாது, அதனால்தான் அத்தனை புகை.

ஹோஸ், கிளாம்ப் இரண்டும் புதுசு போட்டாச்சு. நேற்று மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிக்கொண்டு அதே கணவாயை மூன்றாம் கியரிலேயே ஏறிவிட்டேன். "முதலில் ஹோஸைத் தடவிப் பாருங்க தம்பி" என்று சொன்ன உசிலம்பட்டி அண்ணனுக்கு மனசார நன்றி.