கோட்பாட்டு இயற்பியலைத் தனியாகக் கற்றல்: காணொளி புரிகிறது, கணக்கு வரவில்லை

கேள்வி: கதிரவன், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுப் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கோட்பாட்டு இயற்பியலை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. எட்டு மாதங்களாக, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் சஸ்கின்ட் பொதுமக்களுக்காக நடத்திய வகுப்புகளையும், சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் என்பிடெல் என்ற இலவச இணையவழிப் பாடத் திட்டத்தில் நடத்திய குவாண்டம் இயற்பியல் வகுப்புகளையும் யூடியூபில் பார்த்து வருகிறேன். பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மறுநாள் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் முதல் வரிகூட எழுத வரவில்லை. ஆர்க்சைவ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இழைக் கோட்பாட்டுக் (ஸ்ட்ரிங் தியரி) கட்டுரைகளைத் திறந்து பார்த்து மனம் சோர்ந்ததும் உண்டு. எதிலிருந்து தொடங்க வேண்டும்? திருத்தித் தர ஆசிரியர் இல்லாதபோது, நான் எழுதியது சரியா என்று எப்படி அறிவது?

மறுமொழி: சிவகுருநாதன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் பார்த்த வகுப்புகளில் குறையில்லை. கரும்பலகையில் ஒருவர் போடும் கணக்கைப் பின்தொடர்வது ஒரு திறமை, அதைத் தானாகப் போடுவது வேறொரு திறமை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் கண்டதும் இதுதான். இழைக் கோட்பாட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஆர்க்சைவ் 1991இல் ஆய்வாளர்கள் தங்களுக்குள் முன்வரைவுகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கப்பட்டது. கற்பவருக்காக எழுதப்பட்டவை அங்கே குறைவு.

செவ்வியல் இயக்கவியலில், அதுவும் தனி ஊசலில் தொடங்குங்கள். இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து லக்ராஞ்சியனை எழுதி, அதிலிருந்து இயக்கச் சமன்பாட்டை வருவியுங்கள். கோணம் சிறிதாக இருந்தால் கோணத்தின் சைனுக்குப் பதில் கோணத்தையே வைக்கலாம். அப்போது பள்ளியில் படித்த அலைவுநேரம் கிடைக்கும், ஒரு மீட்டர் நூலுக்கு ஏறத்தாழ 2 வினாடி. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நிற்காமல், 60 பாகையிலிருந்து விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அலைவுநேரத்துக்கான தொகையீடு எளிய சார்புகளில் முடியாது, நீள்வட்டத் தொகையீடு எனப்படும் வகையாக வரும். எண்முறையில் கணக்கிட்டால் அலைவுநேரம் சுமார் 7.3 விழுக்காடு கூடும். உங்கள் பட்டறையிலேயே நட்டு ஒன்று கிடைக்கும். அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பத்து அலைவுகளுக்கு நேரம் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வருவித்த சமன்பாட்டின் இருபுறமும் பரிமாணம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, விடை முன்பே தெரிந்த எல்லைக்கு அதைக் கொண்டுசெல்லுங்கள். இரட்டை ஊசல் போடும்போது கீழ்க்குண்டின் நிறையைச் சுழியமாக்கினால், மேற்குண்டின் இயக்கம் தனி ஊசலின் சமன்பாடாக மாற வேண்டும். மாறாவிட்டால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

மறுமொழி: மலர்விழி, பள்ளி ஆசிரியை

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நோபல் பரிசு பெற்ற ஜெரார்ட் டி ஹூஃப்ட் தனியாகப் படிப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு பாடப் பட்டியல் வைத்திருக்கிறார். அது ஆங்கில மொழியறிவில் தொடங்கி, அடிப்படைக் கணிதம், செவ்வியல் இயக்கவியல் என்று போகிறது. தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் வரியே தடையாகத் தெரிந்தது. ஆனால் இயற்பியல் நூல்களின் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் திரும்பத் திரும்ப வருவதால், மூன்று மாதத்தில் பழகிவிட்டது.

எனக்கு உண்மையான முட்டுக்கட்டையாக இருந்தது, திசையன்களையும் அணிகளையும் கையாளும் நேரியல் இயற்கணிதம். ஐகன்மதிப்பு (ஓர் அணி சில திசையன்களைத் தம் கோட்டிலேயே வைத்து எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) என்றால் என்ன என்று கையால் போட்டுப் பழகாமல் குவாண்டம் இயக்கவியலுக்குள் நுழைந்து ஓராண்டை வீணாக்கினேன். திரும்பி வந்து, எம்.ஐ.டி. தன் இலவசப் பாடத் தளத்தில் வைத்திருக்கும் பயிற்சித்தாள்களைப் போட்ட பிறகே வழி திறந்தது. கேம்பிரிட்ஜின் டேவிட் டாங் தன் பக்கத்தில் இலவசமாகத் தரும் விரிவுரைக் குறிப்புகளைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் "எளிதில் காட்டலாம்" என்று வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, காட்டிவிட்டுத்தான் நான் நகர்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஓர் இரவு ஆகிறது. ஆகட்டும்.

கதிரவன்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டர் நூலில் நட்டைக் கட்டி, கதவு நிலையில் தொங்கவிட்டேன். சிறு கோணத்தில் பத்து அலைவுகளுக்கு 20.1 வினாடி வந்தது. 60 பாகையில் கணக்குப்படி 21.5 வர வேண்டும், எனக்கு 21.2தான் வந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படியே. எங்கே தவறினேன்?

சிவகுருநாதன்

தவறவில்லை, தம்பி. பத்தாவது அலைவின்போது வீச்சு எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா? காற்றுத் தடையால் அது 45 பாகை அளவுக்கு இறங்கியிருக்கும். 45 பாகைக்கு அலைவுநேரம் 4 விழுக்காடுதான் கூடும். இரண்டுக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள், உங்கள் 21.2 கிடைக்கும். அடுத்ததாக, அந்தத் தடையைச் சமன்பாட்டில் சேர்க்க முயலுங்கள். நீங்கள் எழுதிய லக்ராஞ்சியனில் அதற்கு இடமில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஏன் இல்லை என்று எழுதி இங்கே இடுங்கள், பார்க்கிறேன்.